பயணப்படியும் பயண இலக்கியமும்

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகப் பிறருடைய பயணப்படிப் பட்டியல்களைச் சரிபார்த்து வருகிறேன். எந்த ரயிலில் ஏறினார், எந்த வகுப்பில் சென்றார், எந்த ஊரில் எத்தனை மணி நேரம் தங்கினார், செலவு எந்தத் தலைப்பில் சேரும் என்று பார்ப்பதே என் தொழில். இலக்கியத்துக்கும் இதற்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். கடந்த இரண்டு குளிர்காலங்களில் மெக்ஸிகோவைப் பற்றிய பயண நூல்கள் சிலவற்றை நூலகத்திலிருந்து எடுத்துப் படித்தேன். அப்போதும் அலுவலகப் பழக்கம் என்னை விடவில்லை. கையில் பணம் குறைவு. ஓர் ஊரில் தங்கல் ஓரிரவு அல்லது ஈரிரவு. வண்டி தவறுகிறது, வயிறு கெடுகிறது, உடைமை போகிறது. இத்துன்பத்தை ஆசிரியர் யார் கணக்கில் எழுதுகிறார், தம் கணக்கிலா, அந்நாட்டின் கணக்கிலா என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டுக்கொண்டே படித்தேன்.

மெக்ஸிகோவை நான் கண்டதில்லை, காணப் போவதுமில்லை. ஆயினும் தலைநகரில் குடியேறி வாழும் நமக்கு இக்கேள்வி அயலானதன்று. ஊரிலிருந்து உறவினர் வருகிறார். மூன்று நாளில் டில்லியையும் ஆக்ராவையும் பார்த்து முடிக்கிறார். ஆட்டோக்காரர் ஒருவர் நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார் என்பதற்காக, திரும்பிப் போய் “டில்லி மனிதர் வாழும் ஊரா?” என்று தெருவெல்லாம் சொல்லி வைக்கிறார். இங்கே பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, வாடகை கொடுத்து, அண்டை வீட்டுப் பஞ்சாபி மாமியிடம் தயிருக்கு உறை மோர் வாங்கி வாழும் நமக்கு அச்சொல் சுடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. நூறு ரூபாய் போனது மெய்தான்.

இனி நூல்களுக்கு வருவோம். முதலில் நிற்பவர் ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீன். 1938-இல் அவர் மெக்ஸிகோவுக்குச் சென்றது கத்தோலிக்க சமயத்தின் மீது அங்கு நடந்த ஒடுக்குமுறையை நேரில் கண்டு எழுதுவதற்காக. அடுத்த ஆண்டு வெளிவந்த நூல் ‘தி லாலெஸ் ரோட்ஸ்’. எல்லையில் லாரெடோவைக் கடந்து மான்டெரே, சான் லூயிஸ் பொட்டோசி, மெக்ஸிகோ நகரம், வெராக்ரூஸ் என்று இறங்கி, அங்கிருந்து சிறு கப்பலொன்றில் தபாஸ்கோ மாநிலத்தின் பிரண்டேரா துறைமுகத்தை அடைகிறார். பிறகு வில்லாஎர்மோஸா, அப்பால் கோவேறு கழுதை மேல் பலென்கே, மலைவழியே சான் கிறிஸ்டோபல். கப்பலோ கடலுக்கு ஏற்றதன்று. வழியில் மூக்குக் கண்ணாடி போயிற்று. வெயிலும் பூச்சிகளும் உறங்கவிடவில்லை. முடிவில் வயிற்றுக்கடுப்பு. ஸ்பானிய மொழியோ மிகச் சொற்பமாகவே தெரியும்.

இவற்றையெல்லாம் அவர் எழுதியிருக்கும் திறத்தை மறுப்பவர் யாரும் இரார். ஓர் அறையின் அழுக்கை இரண்டு வரியில் நம் மூக்குக்குக் கொண்டுவந்துவிடுவார். ஆனால் பட்டியலின் கடைசிப் பத்தியில் கூட்டுத்தொகை முழுவதும் மெக்ஸிகோவின் பேரில் ஏறியிருக்கிறது. உணவு சுவையற்றது, முகங்கள் வெறுப்பூட்டுகின்றன, சிரிப்பும் பொய். அந்நாட்டின் மீது தமக்கு வெறுப்பு வளர்ந்ததை அவர் மறைக்கவுமில்லை. தபாஸ்கோவில் ஆளுநர் காரிதோ கனபால் கோயில்களை இடித்ததும், குருமார்களைத் துரத்தியதும், மதுவைத் தடுத்ததும் வரலாறு. அவ்வநீதியைக் கண்டு கொதித்தது அறம். ஆனால் ஆளுநரின் கொடுமைக்கு எழுந்த சினம் எந்தப் பக்கத்தில் முடிகிறது, கழுதை முதுகில் பட்ட வலிக்கு எழுந்த சினம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று அந்நூலில் பிரித்தறிய முடியவில்லை. இதுவே அந்நூலின் குறை என்பது என் துணிபு. அவர் அந்நாட்டில் இருந்தபோதுதான், 1938 மார்ச் 18-ஆம் நாள், குடியரசுத் தலைவர் கார்தெனாஸ் அந்நியர் கையிலிருந்த எண்ணெய்க் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கினார். இழப்பீட்டுக்காக ஏழைப் பெண்களும் நகையும் கோழியும் கொண்டுவந்து கொடுத்தனர். கிரீனின் நூலில் இந்நிகழ்ச்சி ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது. காய்ச்சல்காரனுக்குத் தன் கட்டிலைத் தவிர வேறு தெரியாது அல்லவா?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1940-இல் அதே பயணத்திலிருந்து ‘தி பவர் அண்ட் த குளோரி’ என்ற நாவல் பிறந்தது. பிரண்டேராவில் கண்ட அமெரிக்கப் பல் வைத்தியர் அதில் ஆங்கிலேயப் பல் வைத்தியராக வருகிறார். பலென்கேயில் நோயுற்ற கிரீனுக்கு இடங்கொடுத்த ஜெர்மானிய-அமெரிக்கரும் அவருடைய தங்கையும் நாவலில் ஓடி ஒளியும் குருவுக்கு இடங்கொடுக்கிறார்கள். அதே வெயில், அதே கழுதை, அதே பூச்சிகள். துன்பப்படுபவர் மட்டும் மாறிவிட்டார். பயண நூலில் நொந்தவர் கிரீன். நாவலில் நோவது குடிப்பழக்கமும் பாவமும் உள்ள ஒரு மெக்ஸிகோக் குரு. தம் துன்பத்தை இன்னொருவர் உடம்பில் ஏற்றிப் பார்த்தவுடன் கிரீனின் கண் தெளிந்துவிடுகிறது. பயண நூலில் எரிச்சலூட்டிய ஊர்களே நாவலில் இரக்கத்துக்குரியனவாகின்றன. ஒரே மூலப்பொருள் ஒரே கையில் இரு வேறு விளைவு தந்ததற்கு இதனினும் நல்ல சான்று நான் கண்டதில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று இளைஞர்க்குச் சொல்வேன். ஒன்றைத்தான் படிக்க நேரமுண்டு எனில் நாவலைப் படிக்கட்டும்.

கிரீனுக்கு நேர் எதிர் துருவம் ஜாக் கெரோவாக்கின் ‘ஆன் த ரோட்’. 1957-இல் வெளிவந்த இந்நாவலில் பழைய போர்டு காரில் இளைஞர் சிலர் லாரெடோ வழியே மெக்ஸிகோ நகரம் செல்கின்றனர். பணமில்லை, அதனால் கவலையுமில்லை. கண்டதெல்லாம் அற்புதம், கண்டவரெல்லாம் ஆதிமனிதர், ஞானியர். தலைநகரை அடைந்ததும் கதை சொல்பவனுக்கு வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் காண்கின்றன. உயிர்த்தோழன் அவனை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்புகிறான். இத்துன்பத்தை மெக்ஸிகோவின் கணக்கில் எழுதாத நேர்மை கெரோவாக்கிடம் உண்டு. எனினும் ஓரிடம் என்னை உறுத்திற்று. மலைப்பாதையில் சிறுமியர் படிகக் கற்களை விற்கிறார்கள். தோழன் தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்து ஒரு சிறு படிகத்தைப் பெற்றுக்கொள்கிறான். ஆசிரியர் இதை ஓர் அருட்செயலாகவே காட்டுகிறார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு அக்குழந்தை என்ன செய்தது, வீட்டில் யார் பிடுங்கிக்கொண்டார், மறுநாள் அவ்வழியே வந்த காரைக் கண்டு அவள் என்ன எதிர்பார்த்தாள்? கார் போய்விட்டது. விரைந்து செல்பவனின் வெறுப்பைப் போலவே அவனுடைய அன்பும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சிபில் பெட்ஃபோர்ட் என்ற அம்மையாரின் நூலை அதிகம் பேர் அறியார். 1953-இல் வேறொரு பெயரில் வெளிவந்து, பின்னர் ‘எ விசிட் டு டான் ஒட்டாவியோ’ என்று வழங்குவது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் அவரும் தோழியொருவரும் நியூயார்க்கிலிருந்து ரயிலில் கிளம்புகிறார்கள். மொரேலியா, குவாடலஹாரா, மஸட்லான், குவானஹுவாடோ, கெரேடாரோ என்று ஊர் ஊராகச் சிறு தங்கல்கள். வண்டிகள் பழுதாகின்றன, விடுதிகள் ஏமாற்றுகின்றன. மஸட்லான் சென்ற அத்தியாயத்துக்கு அவர் இட்ட தலைப்பிலேயே ‘சோதனை’ என்று பொருள்படும் சொல் இருக்கிறது. ஆயினும் படிக்கும்போது நாம் சிரிப்பது மெக்ஸிகோவைப் பார்த்து அன்று. கால அட்டவணையை வேதமென நம்பிப் புறப்பட்ட இரு பெண்மணிகளைப் பார்த்தே சிரிக்கிறோம். பழுதான வண்டியின் அருகே நின்றுகொண்டே அவர் வரலாறு பேசத் தொடங்கிவிடுவார். கெரேடாரோவில் 1867-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஆஸ்திரிய இளவரசன் மாக்ஸிமிலியன், நாட்டை அறியாமலே அதை ஆள வந்தவன், அவர் கையில் இன்னொரு வழிதவறிய பயணியாகவே ஆகிவிடுகிறான். சப்பாலா ஏரிக்கரையில் டான் ஒட்டாவியோ என்பவருடைய வீட்டில் நெடுநாள் தங்கிய பின்னரே நூலுக்கு உயிர் ஏறுகிறது. அவரிடமும் குறை உண்டு. பரிமாறுபவர்களைவிடப் பரிமாறப்படுபவர்களையே அவர் நன்கு அறிகிறார். அவ்வீட்டின் பணியாளர்கள் நகைச்சுவைக்காக வந்து போகிறார்கள்.

அமெரிக்கர் பால் தெரூ இவ்வகையில் ஒரு விந்தை. 1979-இல் வந்த ‘தி ஓல்ட் படகோனியன் எக்ஸ்பிரஸ்’ நூலில் அவர் பாஸ்டனிலிருந்து தென்னமெரிக்காவின் படகோனியா வரை கூடியவரை ரயிலிலேயே செல்கிறார். மெக்ஸிகோ வழியில் கிடக்கும் நாடு. எல்லையில் ஓரிரவு, வெராக்ரூஸில் சிறு தங்கல், பிறகு தபச்சூலா நோக்கி இன்னொரு வண்டி. காலதாமதம், தூசு, பசி ஆகியவற்றை அவரைப் போல் எழுத ஆள் இல்லை. நகரங்களோ நடைமேடைகளாகச் சுருங்கிவிடுகின்றன. வெராக்ரூஸ் பகுதியில் நம் நினைவில் நிற்பவள் காதலனைத் தேடி வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்வண்டிகள் இன்று இல்லை. 1990-களின் இறுதிக்குள் மெக்ஸிகோவின் நெடுந்தூரப் பயணிகள் ரயில்கள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டன. ஆகையால் அந்நூலுக்கு ஆவண மதிப்பு கூடியிருக்கிறது. இலக்கிய மதிப்பு கூடிற்று என்று சொல்லமாட்டேன்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2019-இல், அவரே ‘ஆன் த பிளெயின் ஆஃப் ஸ்நேக்ஸ்’ எழுதினார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர் தம் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு வருகிறார். போலீஸ்காரர் மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். கிரீனாக இருந்தால் அந்தப் பணத்துக்கு ஓர் அத்தியாயம் சாபமிட்டிருப்பார். தெரூ அஞ்சுகிறார், எழுதுகிறார், மேலே செல்கிறார். ஓஆஹாகாவில் பள்ளிப் பிள்ளைபோல ஸ்பானிய மொழி வகுப்பில் அமர்கிறார். எல்லை தாண்டிக் கூலி வேலைக்குப் போய் வந்தவர்களை உட்காரவைத்து அவர்கள் கதையைக் கேட்கிறார். நூல் சற்று நீளம். சில பக்கங்கள் செய்தித்தாள் போலவும் இருக்கின்றன. என்றாலும் முதல் நூலின் தெரூ ரயில் சன்னலோரம் அமர்ந்திருந்தார், இவர் இறங்கிவிட்டார்.

இவ்விடத்தில் என் சொந்தப் பட்டியலையும் சமர்ப்பித்துவிடுவது முறை. சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறைப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டேன். செலவைக் குறைக்க, நேர் வண்டியை விட்டு, நடுவழிச் சந்திப்பொன்றில் வண்டி மாறும்படி திட்டமிட்டேன். இணைப்பு வண்டி தவறிற்று. ஒன்பது மணி நேரம் காத்திருந்தோம். மகனுக்குக் காய்ச்சல். பெட்டியொன்று களவு போயிற்று. அன்று முதல் அவ்வூரின் பெயரைக் கேட்டாலே “திருட்டு ஊர்” என்பேன். ஒருநாள் விருந்தினர் முன் அப்படிச் சொன்னபோது மனைவி குறுக்கிட்டாள்: “அந்த ஊர் மருந்துக் கடைக்காரர் ராத்திரி கடையைத் திறந்து பையனுக்கு மருந்து கொடுத்துவிட்டுக் காசே வாங்கவில்லையே! அதை மட்டும் நீங்கள் ஒருநாளும் சொல்வதில்லை.” உண்மை. களவு போனதை எழுதி வைத்திருந்தேன், வரவை எழுதவில்லை. கிரீன் மீது நான் கூறிய குறையை இந்த நினைவோடுதான் கூறினேன்.

மெக்ஸிகோவின் ஊர்களில் பிறர் தங்கியதைப் பார்த்தோம். நம் ஊர்களில் ஒரு மெக்ஸிகோக்காரர் தங்கியதும் உண்டு. கவிஞர் ஒக்டேவியோ பாஸ் 1962 முதல் 1968 வரை டில்லியில் அந்நாட்டின் தூதராயிருந்தார். 1968 அக்டோபரில் மெக்ஸிகோ நகரத்தின் தலாதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டித்துப் பதவி துறந்தார். 1990-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய இந்தியக் கவிதைத் தொகுதியில் நாம் மாலைநேரம் உலாவும் லோதித் தோட்டமும் ஹுமாயூன் கல்லறையும் அமைதியோடு நிற்கின்றன. ஆறாண்டு தங்கலின் விளைவு அது. அதே தொகுதியில் ‘மதுரை’ என்றொரு கவிதையும் உண்டு. ஆங்கிலேயர் இல்லாத ஆங்கிலேயர் சங்கத்தின் மதுச்சாலையில் ஆரஞ்சுச் சாறு அருந்தியபடி உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பெருமை பேசுகிறார். நாட்டிலேயே பெரிய கோயில் எங்களூரில். நாட்டிலேயே பெரிய மோட்டார்க் கொட்டகையும் எங்களூரில்! கவிஞர் சிரிக்கிறார். மதுரை மாவட்டத்தில் பிறந்த எனக்கு முதற்படிப்பில் முகம் சுருங்கிற்று. ஓரிரு நாள் தங்க வந்தவருக்கு எங்கள் பெரியவர் கேலிப்பொருளா? மறுபடி படித்தேன். கேலிக்கு நடுவிலேயே கயல்விழியாளின் பெயர்ப்பொருள் வந்து போகிறது. சிரிப்பதற்கு முன் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். என் கோபம் பாதியாயிற்று, முழுதும் போகவில்லை.

குமரிமுனைக்கருகே என்ற இன்னொரு கவிதை தொடங்குவதே ஒரு விபத்தில்தான். வெள்ளக்காட்டின் நடுவே லாண்ட்ரோவர் வண்டி பழுதாகி நின்றுவிடுகிறது. ஒரு நாட்டின் தூதர். கோபிக்க எல்லா உரிமையும் உண்டு. அவரோ நீரில் நிற்கும் மரங்களையும், வெள்ளை நாரைகளையும், அல்லிகளைத் தின்னும் எருமைகளையும் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். தங்கியது சில மணி நேரமே இருக்கலாம். நெடுநாள் தங்கினால்தான் ஓர் இடம் புலப்படும் என்று பெட்ஃபோர்டையும் தெரூவையும் வைத்து நான் கட்டியிருந்த கொள்கை இக்கவிதையில் உடைந்துபோயிற்று. உடைந்ததில் வருத்தமில்லை.

ஒரு குறை மட்டும் எஞ்சுகிறது. தபாஸ்கோவின் கப்பலோட்டியும், படிகம் விற்ற சிறுமியும், டான் ஒட்டாவியோ வீட்டுப் பணியாளரும் தம்மிடம் வந்து தங்கிப் போனவர்களைப் பற்றி எழுதியதை நாம் படித்ததில்லை. மதுரையில் அன்று மாலை ஆரஞ்சுச் சாறு பருகிய பெரியவர், வீடு திரும்பி இலையின் முன் அமர்ந்து, தம் இல்லாளிடம் அந்த மெக்ஸிகோக்காரரைப் பற்றி என்ன சொன்னார் என்று அறியவே எனக்கு ஆசை.