சிரிப்பதற்கு ஓர் அலாரம்

சொன்னால் நம்பமாட்டீர்கள். காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து, ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும்வரைகூடப் பொறுக்காமல், மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பூங்காவுக்கு ஓடுகிறேன். எதற்கு? ஒரு காரணமும் இல்லாமல் அரைமணி நேரம் வாய்விட்டுச் சிரிப்பதற்கு. பெரியவர்கள் வட்டமாக நின்று கைதட்டி ‘ஹோ ஹோ, ஹா ஹா ஹா’ என்று கத்துவதை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ‘இதுங்களுக்கு வேற வேலை இல்லை’ என்று முணுமுணுத்தபடி கடந்தும் போயிருப்பீர்கள். அந்த வேலையற்ற கூட்டத்தில் நானும் ஒருத்தி. தனியாகக் குடியிருக்கும் யாரைப் பார்த்தாலும், கையைப் பிடித்துத் தரதரவென்று அங்கே இழுத்துக்கொண்டு போகலாமா என்று இருக்கிறது. அவ்வளவு பிடித்துப்போய்விட்டது!

இத்தனைக்கும் நான் எந்தச் சங்கத்திலும் சேராத ஜென்மம். கூட்டத்தைக் கண்டு பயமில்லை; முப்பது வருஷம் மாநகரப் பேருந்தில் தொங்கி ஆபீஸ் போன உடம்பு இது. பயமெல்லாம் கேள்விகளிடம். ஐம்பது தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா இருந்தவரை அம்மாவோடு, அதற்குப் பிறகு தனியாக. இந்த விவரத்தை வைத்துக்கொண்டு நம் ஊரில் ஒரு பெண் எந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாலும் முதல் ஐந்து நிமிடத்தில் வருவது ‘சார் என்ன பண்றார்?’, அடுத்தது ‘பசங்க எத்தனை பேர்?’, அதற்கும் அடுத்தது ‘அப்ப ராத்திரியில துணைக்கு யாரு?’. யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் நான் பதில் சொல்லி முடித்ததும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு ‘ச்சு’ வரும் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியாது. அந்த ஒரு ‘ச்சு’வுக்குப் பயந்தே மூன்றாம் மாடியில் வெள்ளிக்கிழமை லலிதா சகஸ்ரநாமத்துக்குப் போகவில்லை. குடியிருப்போர் சங்கப் பொதுக்குழுவுக்குப் போகவில்லை. திருவிளக்கு பூஜைக்குக் கூப்பிட்டபோது ஆபீசில் ஆடிட் என்றேன். ஆடிட் வருஷம் முழுக்க நடக்காது என்பது அவர்களுக்கும் தெரியும், பாவம்.

அப்படியென்றால் சாயங்காலம் வீட்டில் என்ன செய்தேன்? டிவியில் வடிவேலு. நாள் முழுக்கக் காமெடி ஓடும் சேனல்களுக்கா பஞ்சம்? பார்ப்பேன், ரசிப்பேன், வசனத்தைக் கூடவே சொல்லவும் செய்வேன். ஆனால் சத்தம் போட்டுச் சிரித்ததே இல்லை. மூக்கால் ஒரு ‘ம்ஹ்ம்’, அவ்வளவுதான். வடிவேலு மேல் குற்றமில்லை. ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர், கடைத்தெருவிலும் கல்லூரி வளாகத்திலும் ஆட்களை அனுப்பி, மனிதர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று குறிப்பெடுக்க வைத்தவர். அவர் கண்டது: தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட நாலு பேர் இருக்கும்போது மனிதன் ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் சிரிக்கிறான். அதிலும் பெரும்பாலான சிரிப்பு ஜோக்குக்கு வருவதில்லையாம். ‘சரி, அப்ப கிளம்பறேன்’ என்பது போன்ற சப்பைப் பேச்சுக்குத்தான் வருகிறதாம். இதைப் படித்த அன்று என் வீட்டுச் சோபாவைப் பார்த்து எனக்கே இரக்கம் வந்தது. முப்பதில் ஒரு பங்குச் சிரிப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறேன்!

பூங்காவுக்கு நான் போனது எட்டு போட. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு வடிவப் பாதையில் சுற்றிச் சுற்றி வருகையில், அரசமரத்தடியில் அந்த வட்டம் கண்ணில் படும். நான் காதில் இயர்போன் செருகிக்கொள்வேன். பாட்டு எதுவும் ஓடாது. யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதற்காக மாட்டிய வெறும் ஒயர் அது. நடை முடிந்ததும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்த சிமென்ட் பெஞ்சில் தினசரியை விரித்து, அதன் விளிம்புக்கு மேலாக அவர்களைப் பார்ப்பேன். யாரும் வந்து ‘வாங்க மேடம்’ என்று அழைக்கவில்லை. அழைத்திருந்தால் அடுத்த நாள் வேறு பூங்காவுக்குப் போயிருப்பேன்.

ஆனால் ஒன்று நடந்தது. அந்த வட்டம் நகர ஆரம்பித்தது. முதலில் அரசமரத்தை விட்டு இந்தப் பக்கம். பிறகு சறுக்குமரத்துக்கு அருகில். ஒருநாள் தினசரியை இறக்கிப் பார்க்கிறேன், பெஞ்சு வட்டத்துக்கு உள்ளே இருக்கிறது, பெஞ்சில் நான் இருக்கிறேன், சுற்றிலும் இருபது பேர் என்னைப் பார்க்காத மாதிரி ஆகாயத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்! யோசனை யாருடையது என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தான் எங்கள் தலைவர். “யாரும் போய்க் கூப்பிடாதீங்க, கூப்பிட்டா ஓடிடும். நாமளே தினம் நாலடி நகருவோம்” என்று உத்தரவு போட்டிருக்கிறார். நாற்பது வருஷம் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளைப் பார்த்த கண் அல்லவா? எனக்கு வயிற்றிலிருந்து குபீரென்று சிரிப்பு வந்தது. அன்றைக்கு அந்த வட்டத்தில் நடிக்காமல் சிரித்தவள் நான் ஒருத்திதான்.

உள்ளே என்னதான் நடக்கும் என்று கேட்பவர்களுக்காக. முதலில் கைதட்டல். விரலோடு விரல், உள்ளங்கையோடு உள்ளங்கை முழுசாகப் படவேண்டும். ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு-மூன்று என்ற கணக்கில் ‘ஹோ ஹோ, ஹா ஹா ஹா’. பிறகு மூச்சு: கையை உயர்த்தி இழுத்து, குனிந்து விட்டு, விடும்போது சிரிப்பு. அதற்குப் பிறகு வகைவகையாக வரும். வணக்கச் சிரிப்பில் கைகூப்பி எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். சிங்கச் சிரிப்பில் நாக்கை முழுசாக வெளியே நீட்டி, கண்ணை உருட்டி, விரல்களை நகம் மாதிரி வளைத்து, வயிற்றால் உறும வேண்டும். எழுபது வயது அம்மாள் ஒருவர், நெற்றி நிறைய விபூதி, மடிசார் புடவை, நாக்கை நீட்டிக்கொண்டு உங்களை நோக்கி உறுமி வந்தால் நீங்கள் எவ்வளவு நேரம் கௌரவமாக நின்றுவிட முடியும்? செல்பேசிச் சிரிப்பில் இல்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தபடி சுற்றவேண்டும். உலகமெங்கும் மில்க் ஷேக் சிரிப்பு என்று ஒன்று உண்டு; ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றிக் குடிப்பதாகப் பாவனை. எங்கள் ஆட்கள் அதை டபரா டம்ளரில் காபி ஆற்றும் சிரிப்பாக மாற்றிவிட்டார்கள், ஒரு முழம் உயரத்திலிருந்து. என் அபிமானம் கரண்ட் பில் சிரிப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் தொகையை உள்ளங்கையில் படித்து, பக்கத்து ஆளுக்குக் காட்டி, அவர் கையில் இருப்பதையும் எட்டிப் பார்த்து, இருவரும் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் இதற்கு நடிப்பே தேவைப்படாது.

இந்தச் சிரிப்பு கிளப்புகளைத் தொடங்கி வைத்தவர் மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா. சிரிப்பே நல்ல மருந்து என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தவர், எழுதுவதைவிட செய்து பார்க்கலாமே என்று 1995 மார்ச் 13 அன்று லோகண்ட்வாலா பகுதிப் பூங்காவுக்குப் போய் ஆள் பிடித்தார். சேர்ந்தது ஐந்து பேர். ஆரம்பத்தில் ஆளுக்கொரு ஜோக் சொல்லித்தான் சிரித்திருக்கிறார்கள். சில நாளிலேயே நல்ல ஜோக் தீர்ந்து, ஆபாசமும் அடுத்தவரைப் புண்படுத்துவதுமாக வர, சிலர் விலகும் நிலை. அப்போதுதான் ஜோக்கே வேண்டாம், சும்மா சிரிப்போம் என்று முடிவு கட்டினார். அவர் மனைவி மாதுரி யோகா ஆசிரியை. மூச்சுப் பயிற்சி அப்படித்தான் உள்ளே வந்தது. இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த வட்டங்கள் நிற்கின்றன. ஜோக் தீர்ந்துபோனதற்கு நான் தனிப்பட்ட முறையில் நன்றி சொல்கிறேன். ஜோக் சொல்ல வேண்டிய சங்கமாக இருந்திருந்தால் அடுத்தவர் முறை முடிந்து என் முறை வருவதற்குள் நான் கேட்டைத் தாண்டியிருப்பேன்.

தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்று நான் அடித்துச் சொல்வதும் இதனால்தான். மற்ற எந்தச் சபையிலும் முதலில் நீங்கள் யார் என்று சொல்லவேண்டும். இங்கே அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேச வேண்டாம். பெயர்கூட யாரும் கேட்பதில்லை. நாக்கை நீட்டி உறுமிய ஒருவர்முன் பிறகு எந்த உண்மையைச் சொல்லவும் கூச்சம் வராது, அவருக்கும் உங்களைப் பார்த்து ‘ச்சு’ கொட்டுகிற அந்தஸ்து மிச்சமிருக்காது. கேள்விகள் வராமல் இல்லை. பிற்பாடு டீக்கடை வாசலில் வந்தன. இட்லி மாவு விற்கும் அக்கா கேட்டார்: “வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?” நான் மட்டும்தான் என்றேன். “அப்ப சமையல் ஈஸி. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வந்துடு, மீன் கொழம்பு வெக்கிறேன். மீன் சாப்புடுவல்ல?” சாப்பிடுவேன் என்று தலையாட்டினேன். அத்தோடு விசாரணை முடிந்தது.

மிக்ஜாம் புயலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் எங்கள் பக்கமெல்லாம் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, இருந்தாலும் சிக்னல் இல்லை. முதல் மாடியில் மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருக்கிறேன். மழை கொஞ்சம் விட்ட காலைப்பொழுது, எங்கோ தூரத்து மொட்டைமாடியிலிருந்து கைதட்டல் சத்தம். ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு-மூன்று. படியேறி எங்கள் மாடிக்கு ஓடினேன். தலைமையாசிரியர் ஐயா, தலையில் பிளாஸ்டிக் பை, அந்த மாடியில் நின்று தட்டுகிறார். நானும் தட்டினேன். பின்தெருவிலிருந்து இன்னொரு பதில். ஆஜர் எடுக்கிறார் மனுஷன்! பதில் வராத வீடுகளைத் தேடி சாயங்காலம் இரண்டு பேர் தண்ணீரில் நடந்து போனார்கள். எனக்குப் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் கயிறு கட்டிய வாளியில் மேலே வந்தன. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2025 அறிக்கையில் சொல்லியிருப்பதை டீக்கடையில் யாரோ வாசித்துக் காட்டியபோது, எங்கள் எல்லோருக்கும் அந்த வாளிதான் ஞாபகம் வந்தது.

இப்போது காலை ஏழு மணிக்குள் நான் தலை காட்டாவிட்டால் போன் வந்துவிடும். “என்னம்மா, ஜுரமா? தூக்கமா?” இரண்டில் ஒன்றைத்தான் ஒப்புக்கொள்வார்கள், சோம்பல் என்று சொன்னால் ஆளை அனுப்பிவிடுவார்கள்.

எல்லாமே தேனும் பாலும் என்று சொல்லமாட்டேன். வாட்ஸ்அப் குழுவில் தினமும் ரோஜாப்பூப் படத்தோடு நாற்பது காலை வணக்கம் வருகிறது. நான் சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறேன். சர்வரோக நிவாரணி என்று சிலர் பேசுவார்கள். என் சர்க்கரை குறைந்ததற்கு எட்டு போட்டதுதான் காரணம் என்பது என் கட்சி. ஆனால் ஒன்றுமே இல்லாமலும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பார் குழுவினர் செய்த சோதனை ஒன்று 2011-இல் வெளிவந்தது. ஆட்களுக்கு நகைச்சுவைப் படம் போட்டுக் காட்டி, பிறகு குளிர்ந்து உறைந்த உறையைக் கையில் மாட்டி, எவ்வளவு நேரம் வலி பொறுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். வயிறு குலுங்கச் சிரித்தவர்கள் கூடுதல் நேரம் பொறுத்தார்கள். மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு இந்தக் கணக்கில் சேராதாம். எங்கள் வட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் மரியாதைச் சிரிப்புதான். ஆறாவது நிமிடம் யாராவது ஒருவருக்குப் பல்செட் ஆடும், பிறகு மரியாதைக்கு எங்கே போவது?

ஒரு எச்சரிக்கை, கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். குடலிறக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வரவேண்டாம். தும்மினாலே சிறுநீர் கசியும் தொந்தரவு உள்ள பெண்களும் அப்படித்தான். நம்மில் நிறைய பேருக்கு உண்டு, யாரும் வாயைத் திறப்பதில்லை. டாக்டர் வேண்டாமென்றால் டீக்கு வாருங்கள். எங்கள் கிளப்பில் டீக்கு மட்டும் வருகிற உறுப்பினர்கள் இருவர் இருக்கிறார்கள், சந்தா எல்லோருக்கும் போல அவர்களுக்கும் பூஜ்யம்தான்.

மே மாதம் முதல் ஞாயிறு உலகச் சிரிப்பு தினம். வெயில் ஏறுவதற்குள் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வேன் வைத்துப் போகிறோம். வேறு பேட்டைக் கிளப்காரர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சுண்டல் என் பொறுப்பு என்று கையைத் தூக்கிவிட்டேன். அரை டம்ளர் அரிசிக்கு மேல் அளந்து பழகாத கை, நாற்பது பேருக்குச் சுண்டல்! இட்லி மாவு அக்கா இரண்டரை கிலோ ஊறவை என்கிறார், தலைமையாசிரியர் ஐயா மூன்று கிலோ என்கிறார். கொண்டைக்கடலையா பட்டாணியா என்பதில் கட்சி பிரிந்து டீக்கடையில் ஓட்டெடுப்பே நடந்து முடிந்தது. பட்டாணி ஜெயித்தது. நான் கொண்டைக்கடலைதான் வாங்கி வைத்திருக்கிறேன்.