விளக்கை உடைத்தவனும் வாய் திறவாதவனும்

வெளிநாடு போய்ப் படித்துத் திரும்பிய மாணவனைப் பற்றி அரபு மொழியில் எழுதப்பட்ட கதைகளுக்கு ஒரு தனி வரிசையே உண்டு. தௌபீக் அல்-ஹகீமின் ‘கிழக்கிலிருந்து வந்த பறவை’ (1938), யஹ்யா ஹக்கீயின் ‘உம்மு ஹாஷிமின் விளக்கு’ (1944), ஸுஹைல் இத்ரீஸின் ‘இலத்தீன் குடியிருப்பு’ (1953), தையிப் ஸாலிஹின் ‘வடக்கே பெயரும் பருவம்’ (1966) என்று அது நீளும். இவற்றைப் பற்றி நம்மவர்கள் எழுதுபவற்றை நான் விடாமல் வாசித்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான்: கீழைத்தேயத்துக்கும் மேலைத்தேயத்துக்கும் இடையிலான மோதல். அதைச் சொன்னதும் கட்டுரை முடிஞ்சு போகும். மேற்கு என்றால் சடம், கிழக்கு என்றால் ஆன்மா என்று இரண்டு பெட்டி. பாத்திரங்களை அந்தப் பெட்டிகளில் பிரித்துப் போட்டால் வேலை தீர்ந்தது.

இந்த வாசிப்போடு எனக்கு உடன்பாடில்லை. அல்-ஹகீமின் நாவலுக்கு அது ஓரளவு பொருந்தலாம். அதில் மனிதர்களைவிட வாதங்கள்தான் அதிகம் நடமாடுகின்றன. ஆனால் ஹக்கீயின் குறுநாவலையும் ஸாலிஹின் நாவலையும் ஊன்றிப் படிப்பவருக்கு வேறொரு கணக்குத் தெரியவரும். இங்கிலாந்தில் பையனுக்கு என்ன நடந்தது என்பதல்ல அந்தக் கணக்கு. அவனை அனுப்புவதற்கு யார் செலவழித்தார்கள், அவன் திரும்பி வந்த பிறகு அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான்.

இந்த வரிசையின் மூலவர் ரிபாஆ அத்-தஹ்தாவி. அல்-அஸ்ஹரில் படித்த அவரை 1826 இல் முஹம்மத் அலீ பாஷா பாரிஸுக்கு அனுப்பியது மாணவராக அல்ல, அங்கு போன மாணவர் குழுவுக்கு இமாமாக. போன இடத்தில் மாணவர்களை முந்திக்கொண்டு இமாம் பிரெஞ்சு படித்துவிட்டார். 1831 இல் திரும்பினார், 1834 இல் பாரிஸ் பற்றிய நூல் வெளிவந்தது, அடுத்த ஆண்டு மொழிகளுக்கான கல்லூரி அவர் பொறுப்பில் தொடங்கியது. அந்த நூலில் பாரிஸின் சாப்பாட்டு மேசை, பத்திரிகை, அரசியல் யாப்பு எல்லாம் வருகின்றன. திரும்பிவரும் துயரம் மட்டும் இல்லை. காரணம் எளிது. அனுப்பியது அரசு, திரும்பியவனுக்கு வேலை வைத்திருந்ததும் அரசு. கடன் பாஷாவுக்கும் தஹ்தாவிக்கும் இடையில் தீர்ந்தது. (பின்னால் வந்த ஆட்சியாளர் அவரைக் கார்ட்டூமுக்கு அனுப்பி ஒதுக்கியது வேறு கதை.)

ஹக்கீயின் கதையில் அனுப்புவது அரசல்ல, வாப்பா. இதைச் சாதாரண மாற்றமாக எண்ணக்கூடாது. ஷைக் ரஜப் கெய்ரோவில் ஸையிதா ஸைனப் பள்ளிவாசலின் நிழலில் வாழும் தானிய வியாபாரி. கடைக்குட்டி இஸ்மாயீல் படிப்பில் சுட்டி. ஆனால் முக்கியமான பரீட்சையில் புள்ளி போதாமல் போகிறது. ஊரிலுள்ள மருத்துவப் பீடம் கைக்கு எட்டவில்லை. ஐரோப்பாவுக்கு அனுப்பலாமே என்று யாரோ சொல்ல, வீட்டார் தங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அனுப்புகிறார்கள். இஸட் புள்ளி எட்டாமல் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் பங்களாதேஷுக்கும் டொக்டராகப் போகும் நம் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காணியை ஈடு வைக்கும் வாப்பாவும், நகையைக் கழற்றிக் கொடுக்கும் உம்மாவும் நம் ஊர்களில் ஒருவர் இருவரா?

பயணப் பொதியில் ஒரு சோடி மரமிதியடியும் போகிறது. ஐரோப்பாவில் வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடு திரிவதால் வுழூச் செய்வது கஷ்டம் என்று வாப்பா கேள்விப்பட்டிருக்கிறார். ஹக்கீ இதைக் கேலியாகச் சொல்கிறாரா, கண் கலங்கச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடுவதேயில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். புறப்படுமுன் இன்னொன்றும் நடக்கிறது. அந்த வீட்டிலேயே வளரும் உறவுக்காரப் பெண் பாத்திமா அந்நபவிய்யாவை அவனுக்கென்று பேசி பாத்திஹா ஓதுகிறார்கள். அவளுக்குத் தீராத கண்நோய். போகிறவன் படிக்கப்போவதும் கண் வைத்தியம்.

ஏழு வருஷம் கழித்துத் திரும்புகிறான். இங்கிலாந்து வாழ்க்கையையும் மேரி என்ற பெண்ணையும் ஹக்கீ சில பக்கங்களில் ஒதுக்கிவிடுகிறார். மேற்கைப் பற்றியே கதை எழுத வந்தவர் இப்படி ஓடி ஓடிச் சொல்வாரா? வேகம் குறைவது வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான். வந்த அன்றிரவே உம்மா பாத்திமாவின் கண்ணில் எதையோ சொட்டுச் சொட்டாக விடுவதைக் காண்கிறான். கேட்டால், உம்மு ஹாஷிமின் விளக்கெண்ணெய் என்கிறார்கள். பள்ளிவாசலில் ஸையிதா ஸைனப் அவர்களின் ஸியாரத்துக்கு மேலே எரியும் விளக்கின் எண்ணெய். அவனுக்குப் பித்தம் தலைக்கேறுகிறது. கைத்தடியோடு பள்ளிக்குப் பாய்ந்து விளக்கை அடித்து உடைக்கிறான். சனம் அவனை அடித்து மிதிக்கிறது. அவனைச் சிறுபிள்ளையிலிருந்து அறிந்த பள்ளிப் பணியாளர் ஷைக் தர்தீரிதான் உயிரோடு மீட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்.

இந்த இடத்தில் நமது வாசகர்கள் இரண்டாகப் பிரிவார்கள் என்பது எனக்குத் தெரியும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றத்துக்குப் போய் வளர்ந்தவர்கள் ஒரு பக்கம். அது பித்அத் என்று மிம்பரில் கேட்டு வளர்ந்தவர்கள் மறுபக்கம். இரண்டாவது தரப்பு, இஸ்மாயீல் செய்தது சரி என்று துள்ளும். முதல் தரப்பு, அடி வாங்கினான், வேணும் என்று சொல்லும். இரண்டும் கதையை விட்டுவிட்டு ஊர்ச் சண்டையைப் படிப்பதுதான். இஸ்மாயீலின் தடியில் தௌஹீத் இல்லை. அந்த நேரத்தில் அவனிடம் மார்க்கமே கிட்டத்தட்ட மிஞ்சியிருக்கவில்லை. இருந்தது அருவருப்பு. ஸையிதா ஸைனப் சதுக்கத்தின் அழுக்கும் கூச்சலும் நோயும் பிடித்த அந்தச் சனத்தைக் கண்ட அருவருப்பு. தன் சனத்தை அருவருப்பவன் இங்கிலாந்திலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. மதீனாவிலிருந்தும் வரலாம், கெய்ரோவிலிருந்தும் வரலாம், கொழும்பிலிருந்தே வரலாம். படித்துவிட்டு வந்தவன் ஊர்ப் பள்ளியில் தன் உம்மம்மா ஓதி வந்த ஒன்றை நிறுத்த நிற்கும்போது, அவன் சொல்லும் ஆதாரம் சரியாகவே இருக்கட்டும். அவன் குரலில் இருப்பது அறிவா அருவருப்பா என்பதை ஊர் உடனே கண்டுகொள்ளும். ஹக்கீ அதைக் கண்டுகொண்டவர்.

கதையின் அடுத்த திருப்பம் இரக்கமற்றது. எண்ணெயை எறிந்துவிட்டுத் தன் மருந்தைப் போடுகிறான் இஸ்மாயீல். சிகிச்சை சரியானதுதான் என்று மற்ற வைத்தியர்களும் சொல்கிறார்கள். ஆனால் பாத்திமாவின் பார்வை முற்றாகப் போய்விடுகிறது. அவன் வீட்டை விட்டு ஓடி, ஒரு கிரேக்கப் பெண் நடத்தும் விடுதியில் அறை எடுத்துக் கிடக்கிறான். ரமழான் வருகிறது. லைலதுல் கத்ர் இரவில் மனம் திரும்பி, ஷைக் தர்தீரியிடம் அதே எண்ணெயைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். பிறகு பாத்திமா பார்வை பெறுகிறாள்.

விமர்சகர்கள் பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். அறிவியல் தோற்று மூடநம்பிக்கை வென்றது என்று சிலர் கோபப்படுகிறார்கள். ஈமான் வென்றது என்று சிலர் மகிழ்கிறார்கள். பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். எண்ணெயை வாங்கி வந்தான் என்று ஹக்கீ எழுதுகிறார். கண்ணில் விட்டான் என்று எழுதவில்லை. அவன் மறுபடி தன் மருந்துக்கும் கருவிகளுக்கும்தான் போகிறான். இம்முறை பொறுமையோடும் ஈமானோடும், நாட்பட்ட நோய் என்று கண்டும் தளராமல். மாறியது மருந்தல்ல. முதல் தடவை அவன் வைத்தியம் பார்த்தது பாத்திமாவுக்கல்ல, விளக்குக்கு எதிராக. நோயாளி அவனுக்கு ஒரு சாட்சியாகத்தான் தேவைப்பட்டாள். கோபத்தோடு மருந்து போட்டால் கண் போய்விடுமா என்று ஒரு வைத்தியர் கேட்டால் என்னிடம் பதிலில்லை. ஆனால் நோயாளியின் நம்பிக்கையை உடைத்துவிட்டு அவள் உடம்பைக் குணப்படுத்தப் புறப்படுவது என்ன வேலை என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

தையிப் ஸாலிஹின் நாவலில் கதை சொல்பவனும் ஏழு வருஷம் இங்கிலாந்தில் இருந்தவன்தான். ஓர் ஆங்கிலக் கவிஞரை ஆராய்ந்து பட்டம் பெற்று, நைல் வளைவிலுள்ள தன் சூடான் கிராமத்துக்குத் திரும்புகிறான். இவன் எதையும் உடைக்கவில்லை. ஊரார் ஐரோப்பாவைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு, அவர்களும் நம்மைப் போலத்தான் என்கிற மாதிரிப் பதில் சொல்கிறான். பாட்டனாரின் வீட்டு வாசனை அவனுக்குத் தித்திக்கிறது. நல்ல பொடியன். நாவலைப் பேசுபவர்கள் பெரும்பாலும் இவனை விட்டுவிட்டு முஸ்தபா ஸயீதின் பின்னால் ஓடிவிடுகிறார்கள். லண்டனில் பொருளியல் விரிவுரையாளன், பெண்களின் சாவுக்குக் காரணமானவன், மனைவியைக் கொன்று ஏழு வருஷம் சிறையிருந்தவன், பூட்டிய அறைக்குள் அரபுப் புத்தகம் ஒன்றேனும் இல்லாமல், குர்ஆனையும் ஆங்கிலத்தில் வைத்திருந்தவன். கவர்ச்சியான பாத்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாவலில் என்னைத் தூங்கவிடாதவன் மற்றவன்.

முஸ்தபா ஸயீத் நைலின் வெள்ளத்தில் மறைந்த பிறகு அவன் விதவை ஹஸ்னாவுக்கும் இரண்டு ஆண் பிள்ளைகளுக்கும் பொறுப்பாளி கதை சொல்பவன்தான். எழுபதைத் தொட்ட வத் ரய்யிஸ் அவளைக் கட்டக் கேட்கிறான். அவளுக்கு விருப்பமில்லை. கட்டாயப்படுத்தினால் அவனையும் கொன்று தானும் சாவேன் என்று கதை சொல்பவனிடமே நேரில் சொல்கிறாள். அவனைப் பேருக்கேனும் மணந்துகொண்டால் தப்பலாம் என்று அவன் வீட்டாரிடம் கேட்டும் பார்க்கிறாள். இவன் என்ன செய்தான்? கார்ட்டூமில் கல்வித் திணைக்களத்து வேலை காத்திருக்கிறது என்று போய்விட்டான். திரும்பி வரும்போது அவள் சொன்னது நடந்து முடிந்திருந்தது.

நிக்காஹ்வில் பெண்ணின் சம்மதம் பற்றிய மார்க்கச் சட்டம் அந்த ஊருக்குத் தெரியாததல்ல. பாட்டனார் ஹாஜியார், தொழுகையை விடாதவர். ஷரீஅத்தை எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஒரு படித்தவன் வேண்டியிருந்தது, அவன் இருந்தான், அவன் வாய் திறக்கவில்லை. ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்ற ஆசையில், ஏழு வருஷம் தூரத்தில் கிடந்து ஏங்கிய அந்தக் கதகதப்பை இழக்கக்கூடாது என்ற பயத்தில் அவன் ஊமையானான். ஊரை அருவருத்தவனைவிட ஊரை இவ்வளவு காதலித்தவன் அதிகம் கேடு செய்திருக்கிறான். இஸ்மாயீல் உடைத்த விளக்கைத் திரும்பச் செய்து மாட்டலாம். ஹஸ்னாவை எங்கே தேடுவது?

படித்துத் திரும்புபவன் ஊரோடு இசைந்து வாழவேண்டும் என்பது நம்மிடையே ஒரு நல்லுரையாகவே சொல்லப்படுகிறது. இதை நான் அரைமனதோடுதான் ஏற்பேன். 1945 இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியபோது, அவரே கேம்பிரிட்ஜ் போய் வந்தவர். சமூகத்தின் காசில் பிள்ளைகளைப் படிக்கவைப்பது, படித்தவன் வந்து சமூகம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதற்காகவா? வாப்பாவின் காசு, ஊரின் காசு என்ற கடனை அடைப்பதற்கு வாயை மூடிக்கொள்வதும் ஒரு வழி என்று நினைப்பவர்கள் ஸாலிஹின் நாவலை ஒருமுறை படிக்கட்டும்.

இரண்டு கதைகளிலும் விலை கொடுத்தது ஊரைவிட்டு எங்கும் போகாத பெண் என்பதை யாராவது நம் ஆய்வாளர்கள் எடுத்து எழுதினால் நன்றாயிருக்கும். பாத்திமா கண்ணைக் கொடுத்தாள், ஹஸ்னா உயிரை. இத்ரீஸின் ‘இலத்தீன் குடியிருப்பு’ இல் உம்மாவின் சொல்லுக்காக பாரிஸில் கைவிடப்படும் ஜனீனையும் சேர்த்தால் கணக்கு இன்னும் கூடும். ஆனால் அந்த நாவலின் உம்மா வெறும் கருவியாகவே வரைந்து வைக்கப்பட்டிருப்பதால் அதை நான் இவற்றோடு ஒரே தட்டில் வைக்கமாட்டேன்.

இதில் ஸாலிஹ் ஹக்கீயை மிஞ்சுகிறார் என்றே சொல்வேன். ஹஸ்னாவுக்கு அவர் ஒரு குரல் கொடுத்தார். கொஞ்சம்தான் கதைக்கிறாள், ஆனால் சொன்னதைச் செய்கிறாள். ஹக்கீயின் பாத்திமாவுக்கு அதுவும் இல்லை. ஏழு வருஷம் அவள் எப்படிக் காத்திருந்தாள், மருந்து போடப் போடக் கண் மங்கியபோது அந்த மாப்பிள்ளையைப் பற்றி என்ன நினைத்தாள், பார்வை திரும்பிய நாளில் முதலில் யாரைப் பார்த்தாள் என்று ஒரு வரி கிடையாது. கதையைச் சொல்பவன் இஸ்மாயீலின் பெறாமகன்; அவனுக்குத் தெரிந்ததெல்லாம், தன் சாச்சா ஏழைகள் வாழும் பகுதியில் சொற்பக் காசுக்கு வைத்தியம் பார்த்தார், தின்று கொழுத்தார், ஊர் அவரை நல்லபடியாக நினைத்தது என்பதுதான். பாத்திமாவைப் பற்றிக் கடைசியாக நமக்குக் கிடைக்கும் தகவல், அவளுக்கு ஐந்து ஆணும் ஆறு பெண்ணுமாகப் பதினொரு பிள்ளைகள் பிறந்தார்கள் என்ற எண்ணிக்கை.