லண்டனில் அச்சிட்டது!

மெடல் என்றதும் உங்களுக்கு ஓட்டப் பந்தயமும் ஸ்கூல் ஆண்டு விழாவும்தான் ஞாபகத்துக்கு வரும். ராஜாக்களின் மெடல் வேறு சமாசாரம். கழுத்தில் மாட்ட முடியாது, கடையில் செல்லாது. முன்பக்கம் முகம், பின்பக்கம் பெருமை. வேண்டியவர்களுக்குக் கொடுத்தனுப்புகிற உலோக விசிட்டிங் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த ஃபேஷனை ஐரோப்பாவில் பிரபலமாக்கியவர் பிசனெல்லோ என்ற இத்தாலிய ஓவியர். 1438-ல் பைஸாண்டியப் பேரரசர் எட்டாம் ஜான், இத்தாலியின் ஃபெராரா நகருக்கு வந்தார். துருக்கியர்கள் நெருக்குகிறார்கள், உதவி வேண்டும். பேர்தான் பேரரசர், வந்தது கையேந்த! பிசனெல்லோ வார்த்த மெடலில் அந்தப் பேச்சே கிடையாது. உச்சி கூரான பெரிய தொப்பி, கூர்தாடி, சுற்றிலும் கிரேக்க எழுத்தில் 'ரோமானியர்களின் பேரரசர்' பட்டம்.

ஆனால், பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வழியோரச் சிலுவை ஒன்றின் எதிரே, குதிரை மேல் அமர்ந்தபடி கும்பிடுகிறார் மனிதர். பக்கத்தில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு குதிரை. உள்ளங்கை அளவு வட்டத்தில் அவ்வளவு வெறுமை. பில்டப் கொடுக்க வந்த ஓவியருக்கு, அவர் தனியாக நிற்பதும் தெரிந்துவிட்டது. இதனால்தான் இந்த மெடல் எனக்குப் பிடிக்கிறது.

ஜான் 1448-ல் இறந்தார். 1453-ல் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது. அதைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மதுக்கும் ஒரு மெடல் உண்டு. செய்தவர் கோஸ்டான்ஸோ, அவரும் இத்தாலிக்காரர்தான். பின்பக்கம்? சுல்தானும் குதிரை மேல்தான்!

இவர்களாவது தேவலை. நெப்போலியன் 1804-ல் ஒரு மெடல் தயார் செய்ய வைத்தார். முன்னால் இலைக் கிரீடம் சூடிய அவர் தலை. பின்னால் எதிரியை நெரிக்கும் ஹெர்குலிஸ். 'இங்கிலாந்தில் இறங்கியது' என்று ஒரு வரி. கீழே, 'லண்டனில் அச்சிட்டது, 1804'. சேனை அப்போது கால்வாய்க்கு இந்தப் பக்கம் பிரான்ஸில் உட்கார்ந்திருந்தது! வராத லாபத்தை வரவு வைக்காதே என்று பி.காம். முதல் வருஷத்திலேயே எங்களுக்கு அடித்துச் சொல்வார்கள். சக்கரவர்த்தி அந்த வகுப்புக்கு மட்டம் போட்டிருக்க வேண்டும். வேலைப்பாடு என்னவோ சுத்தம்தான். ஆனால், அந்த முகத்தில் பயமுமில்லை, களைப்புமில்லை. போஸ்டர் முகம்.

1805-ல் முகாமைக் கலைத்துக்கொண்டு சேனை கிழக்கே ஆஸ்திரியாவை நோக்கித் திரும்பியது. நெப்போலியன் லண்டனை மிதிக்கவே இல்லை. மெடல் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்து, அங்கே மியூசியத்தில் இருக்கிறது.