பதேர் பாஞ்சாலி: நடிகர் தேர்வு

பதேர் பாஞ்சாலி (1955) சத்யஜித் ராய் இயக்கிய முதல் திரைப்படம். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய அதே பெயருள்ள வங்காள நாவலைத் தழுவியது. மிகக் குறைந்த பணத்தில், விடுமுறை நாட்களில், திரைத்துறைக்குப் புதியவர்கள் கூடி எடுத்த படம் என்பதால் குறும்படம் எடுக்க முனையும் மாணவர்கள் இதை அடிக்கடி முன்னுதாரணமாகச் சொல்வதுண்டு. 'நடிக்கவே தெரியாதவர்களை வைத்து ராய் இப்படி ஒரு படத்தை எடுத்தார், நம்மால் முடியாதா' என்பது அவர்கள் வாதம். ஆனால் படத்தில் யார் யார் நடித்தார்கள், அவர்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்று பார்த்தால் அந்த வாதம் பாதிதான் சரி என்பது தெரியும்.

பின்னணி

ராய் அப்போது கல்கத்தாவில் டி. ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்தார். 1950இல் அலுவலக வேலையாக லண்டன் சென்றபோது வித்தோரியோ டி சிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தைப் பார்த்தார். அதன் நாயகன் லாம்பெர்த்தோ மஜ்ஜோரானி ஓர் ஆலைத் தொழிலாளி. நட்சத்திரங்களும் அரங்கமைப்பும் இல்லாமல் படம் எடுக்க முடியும் என்ற உறுதி ராய்க்கு அங்கே கிடைத்தது.

படப்பிடிப்பு 1952 அக்டோபர் 27 அன்று தொடங்கியது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு வயது 21 தான். அதற்கு முன் திரைப்படக் கேமராவை இயக்கியவரல்ல. ராய் தன் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார், இசைத்தட்டுகளை விற்றார், மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. பணம் தீர்ந்ததும் வேலை மாதக்கணக்கில் நின்றது. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் தந்தது. தலைப்பின் பொருள் 'சாலையின் பாடல்' என்பதால் அந்தத் தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது என்பது திரைப்பட வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

யார் புதியவர், யார் பழகியவர்

முக்கிய வேடங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு கணக்கு புலப்படுகிறது. தந்தை ஹரிஹராக வந்த கனு பானர்ஜி வங்காளத் திரையில் ஏற்கெனவே நிலைபெற்ற நடிகர். பலசரக்குக் கடையில் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தும் வாத்தியாராக வரும் துளசி சக்ரவர்த்தி பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர். தாய் சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜி ராயின் நண்பருடைய மனைவி. திரைக்குப் புதியவர் என்றாலும் இப்டா எனப்படும் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் நடித்துப் பழகியவர். துர்காவாக நடித்த உமா தாஸ்குப்தாவுக்குப் பள்ளி நாடக அனுபவம் இருந்தது. சிறு வயது துர்காவாக வருபவள் கருணாவின் சொந்த மகள். முக்கிய வேடங்களில் எந்த அனுபவமும் இல்லாமல் வந்தவன் என்று சொல்லத்தக்கவன் அபுவாக நடித்த சுபீர் பானர்ஜி மட்டுமே.

அதாவது உணர்ச்சிச் சுமை அதிகமுள்ள வேடங்கள் எதுவும் பழக்கமில்லாதவர் கையில் விடப்படவில்லை. வறுமை, அவமானம், மகளின் சாவு ஆகிய மூன்றையும் தாங்கவேண்டிய தாயின் வேடம் மேடை கண்டவருக்குப் போயிற்று. பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அபுவின் வேலை. அதற்குப் பயிற்சியைவிடக் கண்களே தேவைப்பட்டன.

சுபீர் கிடைத்த விதம் பலரும் அறிந்தது. செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துப் பல சிறுவர்களைப் பார்த்தும் ராய்க்கு நிறைவு ஏற்படவில்லை. முடியை வெட்டிப் பையனாக்கி அழைத்துவரப்பட்ட ஒரு சிறுமியும் அந்த வரிசையில் இருந்தாள். இறுதியில், அக்கம்பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த சுபீரை பிஜோயாதான் கண்டெடுத்தார். விளம்பரத்துக்கு அகப்படாதவன் வீட்டருகிலேயே இருந்தான்.

நடிக்காதவனை நடிக்கவைத்தல்

கண்டெடுத்ததோடு வேலை முடியவில்லை. முதல் நாள் எடுத்தது நாணற்காட்டுக் காட்சி. அக்காவைத் தேடி அபு தயங்கித் தயங்கி நடக்கவேண்டும். சுபீர் மரப்பொம்மை போல நடந்தான். 'தயங்கு', 'தேடு' என்று சொல்லிப் பயனில்லை என்று கண்ட ராய், அவன் போகும் பாதையில் சிறு குச்சிகளைப் போட்டு அவற்றைத் தாண்டி நடக்கச் சொன்னார். நாணலுக்குள் இரு பக்கமும் ஆட்களை மறைத்து நிறுத்தி, குறித்த நேரத்தில் அவன் பெயரைக் கூப்பிடவைத்தார். பையன் நின்றான், திரும்பினான், மறுபடி நடந்தான். திரையில் அது ஒரு தம்பியின் தேடலாகத் தெரிகிறது.

படத்தில் சுபீர் 'நடிப்பதாக' நாம் உணரும் பல இடங்கள் இத்தகையவை. அது சிறுவனின் திறமையைக் குறைத்துச் சொல்வதாகாது. அவன் முகத்தில் இருந்த வியப்பு உண்மையானது, அதை ராய் வரவழைக்கவில்லை. ஆனால் பழக்கமில்லாதவரை நடிக்கவைக்கும்போது நடிப்பின் பெரும்பகுதி இயக்குநர் கைக்கும் படத்தொகுப்பாளர் கைக்கும் மாறிவிடுகிறது. இன்றைய குறும்படங்கள் பலவற்றில் தெருவிலிருந்து அழைத்துவரப்பட்ட நல்ல முகம் ஒன்று பக்கம் பக்கமாக வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைக் காண்கிறோம். முகத்தைத் தேர்ந்தவர் குச்சிகளைப் போட மறந்துவிட்டார்.

சுனிபாலா தேவி

படத்தின் மிகச் சிறந்த நடிப்பு, முதிய உறவினர் இந்திர் தாக்ரூணாக வரும் சுனிபாலா தேவியுடையது. கூன் விழுந்து பல் போன அந்த மூதாட்டியைப் பார்ப்பவர்கள் யாரோ கிராமத்துக் கிழவி என்றே நினைத்தார்கள். உண்மையில் அவர் மேடையிலும் சில பழைய படங்களிலும் நடித்து ஓய்வுபெற்றவர். வயது எண்பதை ஒட்டியிருந்தது. படத்தில் பக்கத்து வீட்டுக்காரியாக நடித்த ரேபா தேவி மூலமாகவே அவரைப் பற்றித் தெரியவந்தது. தாலாட்டுப் பாடல் ஒன்று தெரியுமா என்று ராய் கேட்டபோது, ராய் அறிந்திருந்ததைவிட நீளமாக அவர் சொல்லிக்காட்டினாராம். அவருக்கு நாள் ஒன்றுக்கு 20 ரூபாய் சம்பளம் பேசப்பட்டது. கையில் காசில்லாத படக்குழுவுக்கு அது சிறிய தொகையல்ல.

பாடை ஊர்வலக் காட்சி எடுத்து முடிந்த பிறகும் அவர் அசையாமல் கிடந்தார். குழுவினர் பதறிப்போனார்கள். பிறகு கண் திறந்து, காட்சி முடிந்ததை ஒருவரும் சொல்லவில்லையே, அதனால்தான் செத்தே கிடந்தேன் என்றாராம். தொழில் தெரிந்தவர் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். படம் திரைக்கு வருமுன் அவர் காலமானார்.

கூலியும் காலமும்

புதியவர்களை வைத்து எடுத்தால் செலவு மிச்சம் என்ற எண்ணம் உண்டு. சம்பளத்தில் மிச்சமாவது காலத்தில் போய்விடும். நாணற்காட்டுக்கு மறு வாரம் திரும்பியபோது மாடுகள் பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன. மீதிக் காட்சிக்காக அடுத்த பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது. அபுவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, இந்திர் தாக்ரூண் இறந்துவிடவில்லை ஆகிய மூன்று அற்புதங்களால் படம் பிழைத்தது என்று ராய் பின்னாளில் கூறியிருக்கிறார். எல்லாமே பிழைத்துவிடவில்லை. மிட்டாய்க்காரராக நடித்தவர் இடையில் இறந்துபோனார். அதே உடல்வாகுள்ள வேறொருவரை முதுகுப்புறமாகக் காட்டிச் சமாளித்தார்கள். படத்தில் வரும் நாயும் ஒன்றல்ல, இரண்டு.

இங்கே இன்னொரு கேள்வி எழுகிறது. படம் முடிந்த பிறகு இந்த மனிதர்களுக்கு என்ன ஆகிறது? மஜ்ஜோரானிக்கு ஆலை வேலை போயிற்று. நடிப்பிலும் சிறு வேடங்களுக்கு மேல் அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. உலகம் கொண்டாடிய முகம் கூலிக்கு அலைந்தது. இதோடு ஒப்பிட, ராயின் பிள்ளைகள் நல்வாய்ப்புப் பெற்றவர்கள். சுபீர் திரையுலகில் தொடராமல் மற்றவர்களைப் போல் வாழ்ந்தார். உமா தாஸ்குப்தா பள்ளி ஆசிரியை ஆனார். அவர்களை நட்சத்திரமாக்குவதாக யாரும் ஆசை காட்டவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம். குடியிருப்புகளிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து நடிக்கவைக்கும் எந்த மொழிப் படத்துக்கும் இக்கேள்வி பொருந்தும். நம் விமர்சனங்களில் இது அதிகம் கேட்கப்படுவதில்லை.

குறைகளும் தொடர்ச்சியும்

பழகியவரும் பழகாதவரும் சேர்ந்து நடிப்பதில் படம் எங்கும் ஒரே சீராக இல்லை. ஹரிஹர் எதிர்காலக் கனவுகளைப் பேசும் இடங்களில் கனு பானர்ஜியின் குரலில் மேடைச் சாயல் எட்டிப்பார்க்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்களின் சச்சரவு ஓரிரு இடங்களில் உரத்துப்போகிறது. ஆனால் மகளுக்கு வாங்கிவந்த சேலையை ஹரிஹர் நீட்டும் காட்சியில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. சர்பஜயாவின் அலறலை நீக்கி அவ்விடத்தில் தார்ஷெனாயின் உச்சக் குரலை வைத்தார் ராய். நடிப்புப் போதவில்லை என்பதால் செய்ததல்ல, கருணாவின் முகமே போதும் என்பதால் செய்தது.

தமிழில் இதே வழியின் நல்ல எடுத்துக்காட்டு பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). அதில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பழைய நாடக மேடைக்காரர். பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) படத்தில் தந்தையாக வரும் கருத்தடையான் நாடகப் பயிற்சி உள்ளவர், மகனாக வரும் செல்லப்பாண்டி புதியவன். கடும் கோபத்தைச் சுமப்பவர் பயின்றவர், மௌனமாகப் பார்ப்பவன் பயிலாதவன் என்ற அதே கணக்கு.

பெயரும் பணமும் வந்த பிறகும் ராய் இந்தக் கணக்கை மாற்றவில்லை. 'அபராஜிதோ' (1956) படத்துக்காக அவரிடம் வந்த இளைஞர் ஒருவர், பதின்பருவத்து அபுவுக்கு வயது கூடியவராகத் தெரிந்ததால் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் சிசிர்குமார் பாதுரியிடம் நாடகம் பழகியவர், திரைக்குப் புதியவர். மூன்றாண்டு கழித்து 'அபுர் சன்சார்' (1959) எடுத்தபோது ராய் அவரை மறக்காமல் அழைத்தார். அவர்தான் சௌமித்ர சட்டர்ஜி.