செங்கல்லும் ராணி மீனாட்சியும்

மாசி மகத்தன்று திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருக்கிறேன். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜனுக்கு அருணாசலேசுவரரே மகனாக இருந்து திதி கொடுக்கும் நாள் அது. சரித்திரத்தைக் கேட்டால், மூன்றாம் வல்லாளன் 1342-ல் மதுரைச் சுல்தானிடம் சிக்கி மாண்டபின் பட்டத்துக்கு வந்தவன் அவனுடைய மகன் விருபாட்சன் என்று சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்! வல்லாளன் தோலில் வைக்கோல் திணித்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டதை இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். அப்படிப் போனவனுக்கு ஆண்டவனையே பிள்ளையாக்கிற்று கதை.

அங்கே நின்றபோதுதான் ராணி மீனாட்சியின் நினைவு வந்தது. அவளுக்கும் ஒரு கதை உண்டு. அது அவளைச் சிறியவளாக்கிவிட்டது.

வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். சந்தா சாகிப் குர்ஆன்மீது ஆணையிட்டான். பட்டுத்துணிக்குள் இருந்தது செங்கல். நம்பித் திருச்சிக் கோட்டையைத் திறந்த ராணி சிறைப்பட்டு நஞ்சுண்டாள். நானும் ஒரு நாவல் தொடங்கி, முதல் அத்தியாயத்திலேயே அந்தச் செங்கல்லை வைத்தேன். அத்தியாயம் நன்றாகவே வந்திருந்தது. ஆபத்தே அதில்தான்!

செங்கல் நடந்ததா, இல்லையா என்பதல்ல என் வழக்கு. அது வந்து உட்கார்ந்ததும் மற்றதெல்லாம் மறைந்துவிடுகிறதே! 1732-ல் கணவன் விஜயரங்க சொக்கநாதன் வாரிசின்றி இறந்தான். அரியணைக்குக் கண்வைத்திருந்தவன் உறவினன் வங்காரு திருமலை. மீனாட்சி அவனுடைய மகனையே தத்தெடுத்தாள். எதிரியின் வீட்டு விளக்கைத் தன் வீட்டில் ஏற்றிய காரியம் அல்லவா இது? பிறகு ஆற்காட்டுப் படை வந்தபோது அவன் முப்பது லட்சம் தருவதாகச் சொன்னான். இவள் ஒரு கோடி என்றாள். ஏமாந்த பேதை இப்படியா பேரம் பேசுவாள்? தோற்றாள், உண்மை. தோற்றவர்கள் எல்லாரும் அசடுகள் அல்லவே!

இங்கிலாந்திலும் இதே அநியாயம் நடந்திருக்கிறது. 1553-ல் ஒன்பது நாள் அரசியாயிருந்த ஜேன் கிரே என்றதும் தெலரோஷ் 1833-ல் தீட்டிய ஓவியம்தான் நினைவுக்கு வருகிறது. இருண்ட மண்டபம், வெள்ளைப் பட்டு, கண்கட்டு. உண்மையில் அவள் தலை வெட்டப்பட்டது திறந்தவெளியில். மாமனார்தான் அவளை அரியணையில் ஏற்றினார். அந்த ஒன்பது நாளுக்குள், தன் கணவனுக்கு அரசன் பட்டம் தரமாட்டேன் என்று மறுத்த பெண் அவள். அந்த மறுப்பை யார் தீட்டினார்கள்?

நான் என் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். இப்போது நாவல் தத்து எடுக்கும் நாளில் தொடங்குகிறது. ஆனால் நகரமாட்டேன் என்கிறது. "உன் பிள்ளையை எனக்குக் கொடு" என்று வங்காருவிடம் அவள் எப்படிக் கேட்டிருப்பாள்? கெஞ்சியா, கட்டளையிட்டா? மூன்று முறை எழுதிவிட்டேன், மூன்றும் சரியில்லை.