விலைப்பலகை போனது, கிடங்கு போகவில்லை

தமிழ்நாடு தொடங்கும், நாடு பின்தொடரும் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். பொய்யென்று தள்ளிவிட முடியாது. மாநிலங்கள் ஒன்றையொன்று பார்த்துக் கற்பதால் ஏழைகளுக்குக் கிடைத்தது நிறைய. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021இல் இங்கே வந்து, 2023இல் கர்நாடகம், தெலங்கானா வரை போனது. (2019இலேயே டெல்லி அதைத் தொடங்கிவிட்டதை மேடையில் யாரும் சொல்வதில்லை.)

ஆனால் எதை நகலெடுக்கிறார்கள்? என் நெடுநாள் மறுப்பு இங்கேதான். 2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகத்தைத் திறந்தது. இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று, சாம்பார் சாதம் ஐந்து. அங்கேயே நின்று சமைத்தவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். ராஜஸ்தான் 2016இலும், பெங்களூரு 2017இலும், ஆந்திரம் 2018இலும் இதே வழியில் மலிவு உணவகம் தொடங்கின. பெங்களூரில் சமையல் ஒப்பந்ததாரர்களிடம் போனது. குழுப் பெண்கள் கணக்கிலேயே இல்லை. தவறாமல் போய்ச் சேர்ந்தவை இரண்டு: விலைப்பலகையும், பலகையில் கட்சிக்குப் பிடித்த ஒரு பெயரும்.

பெயர் வைத்தால் பெயரோடு வரும் வினையும் வரும். ஆந்திரத்தில் 2019இல் ஆட்சி மாறியதும் அண்ணா கேண்டீன்கள் மூடப்பட்டன. 2024இல் பழைய ஆட்சி திரும்பிய பிறகுதான் திறந்தன. நடுவில் ஐந்து ரூபாய்க்குச் சாப்பிட்டவர் எங்கே போனார்? ராஜஸ்தானில் அன்னபூர்ணா ரசோய் 2020இல் இந்திரா ரசோய் ஆனது, 2024இல் மறுபடி அன்னபூர்ணா. நோய் மூலத்திலேயே இருந்தது. 2021இல் ஆட்சி மாறிய வேகத்தில் முகப்பேரில் ஓர் அம்மா உணவகத்தின் பலகையைக் கிழித்தெறிந்தார்கள்.

இதற்கு மாறாக, 1994இல் நாம் அமைத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை எந்தச் சுவரொட்டியிலும் காண முடியாது. மாநிலம் முழுமைக்கும் மருந்து வாங்க ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் மருந்துக் கணக்குக்கு ஒரு பாஸ்புக், வந்த மருந்துக்கு ஆய்வகச் சோதனை. ராஜஸ்தான் இதைப் பார்த்துத் தனக்கொரு கழகம் அமைக்க 2011 ஆனது. அதன்பின் அங்கே ஆட்சி மூன்று முறை மாறியும் கழகம் நிற்கிறது, இலவச மருந்தும் தொடர்கிறது. உணவகத்தின் பெயரை மாற்றி மாற்றி எழுதிய அதே மாநிலம்தான்.

இனி வெளிமாநில அதிகாரிகள் வந்தால், அவர்களை முதலில் மருந்துக் கிடங்குக்கு அழைத்துப் போங்கள். உணவகத்தைப் பிறகு காட்டலாம்.