சொல் மாறாமல் கடந்த இசை

இசைக்கு மதமில்லை, எல்லையில்லை என்று மேடைதோறும் சொல்கிறோம். முத்துக்குளித்துறையும் அதை ஒட்டிய எட்டயபுரமும் இந்தக் கூற்றை உரைத்துப் பார்க்க நல்ல சான்றுகளைத் தருகின்றன.

அக்கடற்கரையிலுள்ள திருச்செந்தூர் முருகன் மீது அருணகிரிநாதர் திருப்புகழ் பாடியது 15ஆம் நூற்றாண்டில். அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள காயல்பட்டினத்தில் பிற்காலத்தில் வாழ்ந்த காசிம் புலவர், அதே சந்த வழியில் நபிகள் நாயகத்தின் மீது ஒரு திருப்புகழ் பாடினார். முருகனுக்குரிய சந்தம் என்று அவர் அதை ஒதுக்கவில்லை. தமிழன் என்ற உரிமையோடு எடுத்துக்கொண்டார். ஆனால் கடந்து வந்தது சந்தம் மட்டுமே. பாட்டுடைத் தலைவர் மாறிவிட்டார்.

கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களிலும் இதே நிலைதான். ஆங்கிலேயரின் அரச வாழ்த்து உள்ளிட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் தெய்வத் துதிகளை எழுதினார். எட்டயபுரம் அரசவையில் இருந்த அவர் தம்பி பாலுசுவாமி, வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். இன்று அதை அயல்நாட்டுக் கருவி என்று யாரும் நினைப்பதில்லை. கருவிக்குச் சொல் இல்லை. அது தடையின்றி வந்தது. மெட்டு, சொல்லை உதிர்த்துவிட்டு வந்தது. அப்படியானால், பிறர் வழிபாட்டுச் சொல்லோடு சேர்ந்தே இசை கடந்ததுண்டா?

உண்டு. தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகள் பாலுசுவாமியின் தத்துப்பிள்ளை சுப்பராம தீட்சிதரிடம் குடும்பச் சொத்தாக இருந்தன. அவற்றை எழுத்தில் பதித்தே தீரவேண்டும் என்று முனைந்தவர் சென்னையைச் சேர்ந்த சின்னசாமி முதலியார்; கிறித்தவர். தென்னக இசையை ஐரோப்பிய இசைக்குறியில் பதிப்பிக்கக் கைப்பொருளைச் செலவிட்டவர். அவருடைய வற்புறுத்தலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் சேர்ந்து, 1904இல் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற நூல் எட்டயபுரத்திலேயே அச்சேறியது. தமிழ் ஊரில், தெலுங்கு எழுத்தில், வடமொழிக் கீர்த்தனைகள். சுர அசைவுகளான கமகங்களுக்குத் தனிக் குறியீடுகளும் அதில் உண்டு. தீட்சிதர் பாடல்களின் பாடத்துக்கு அறிஞர்கள் இன்றும் திரும்பிச் செல்வது இந்நூலுக்குத்தான். அந்தப் பாடல்களில் முதலியாரின் தெய்வம் இல்லை. அவர் ஒரு சொல்லையும் மாற்றக் கேட்டதாகத் தெரியவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. கற்றவர்களுக்கும் அரண்மனைக்கும் இடையில் நடந்த காரியம் இது. கடற்கரையில் வலை இழுத்தவருக்குக் கச்சேரி மேடையை இது திறந்துவிடவில்லை. அந்த மறுப்பு நியாயமானது. நூல் காப்பாற்றப்பட்டது, மேடை அப்படியே இருந்தது. அதன் விளைவை 2018இலும் கண்டோம். கிறித்தவப் பாடல்களைப் பாட முன்வந்த கர்நாடக இசைக் கலைஞர்கள் மிரட்டப்பட்டார்கள். மாதந்தோறும் இயேசு, அல்லா மீது ஒரு பாடல் வெளியிடுவேன் என்று கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா அறிவிக்க வேண்டியிருந்தது. எல்லைகளைக் கடக்கும் ஆற்றல் இசைக்கு இயல்பாகவே உண்டென்றால், இந்த அறிவிப்புக்குத் தேவையே இருந்திருக்காது.

ஆகவே, இசை தானாகவே மதங்களைக் கடக்கும் என்ற கூற்றை நான் ஏற்கவில்லை. கருவியும் மெட்டும் சந்தமும் எளிதில் கடக்கும். அது கலைச் செழுமை, அதற்கு மேல் அதில் பொருள் ஏற்றக் கூடாது. நம்பாத தெய்வத்தின் பாட்டையும் அதன் சொல்லோடு காக்க ஒருவர் உழைக்கும்போதுதான் எல்லை உண்மையில் தாண்டப்படுகிறது. அதைச் செய்வது இசையல்ல, மனிதர். சின்னசாமி முதலியார் செய்தார். அவருக்கு நாம் பட்ட கடனை நன்றியுரைகளால் தீர்க்க முடியாது. பிற மதத்தவரின் பாட்டுக்கு நம் மேடையில் இடம் கொடுத்தே தீர்க்க வேண்டும்.